புதன்கிழமைச் சங்கு

எனக்கு இடி என்றால் பயம். முப்பத்தாறு வருஷமாக அயோவாவில் குப்பை கொட்டியாகிவிட்டது, இன்னும் பயம்தான். எங்கள் ஊர் கெஸ்லரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் இப்போது கொஞ்சம் மரியாதை கலந்திருக்கும். அந்த மரியாதையை எனக்கு யாரும் தானமாகக் கொடுக்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கலிபோர்னியாக் கடற்கரையில். ஆளுயர அலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுவதுதான் எங்களுக்கு விளையாட்டு. பூமி ஆடினால்கூட, சுவரில் கோணலான படத்தை நேராக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இடி மட்டும் பழக்கமில்லை. வருஷத்துக்கு ஒரு தரம், பக்கத்து வீட்டில் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். லைலைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவன் அப்பா போன பிறகு சோளக்காட்டைப் பார்க்க ஆளில்லை என்று, ஒரு ஏப்ரல் மாதம் இரண்டு பேரும் அவன் ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

வந்த நாலாம் நாள் சாயங்காலம். என் மாமியார் மார்லிஸ் கொத்துக்கறியைச் சுட்டுச் செய்த மீட்லோஃபை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். மேற்கே வானம் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. முதல் இடி விழுந்தது. ஜன்னல் கண்ணாடி, தட்டு, என் பல் எல்லாம் ஒன்றாக ஆடின. அடுத்த நொடி நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். பூகம்பம் வந்தால் மேஜைக்கடியில் போகணும் என்று பள்ளிக்கூடத்தில் ஆறு வயதிலிருந்து பழக்கியிருந்தார்கள். மூளை யோசிப்பதற்குள் உடம்பு போய்விட்டது.

மேலே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. லைலும் மார்லிஸும்கூடப் பயந்து ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். ஓடத்தான் செய்தார்கள், ஆனால் வாசலுக்கு. ஆளுக்கொரு தட்டோடு முன்வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டு வராந்தாவிலும் அதே வரிசை. சினிமா தொடங்குவதற்கு முன் இடம் பிடிக்கிறவர்கள் போல ஒருவருக்கொருவர் கையாட்டிக்கொண்டார்கள்.

மார்லிஸ் திரும்பி வந்து குனிந்து பார்த்தார்.

"கொரின், அங்க என்ன தேடற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா வெளிய வா. நல்லதெல்லாம் முதல் பத்து நிமிஷத்துலயே முடிஞ்சிரும்."

நான் வரவில்லை. மறுநாள் காலை கடைக்கு ரொட்டி வாங்கப் போனபோது, கல்லாவில் இருந்தவள், "மேஜைக்கடியில தேடினது கெடச்சுதா?" என்று கேட்டாள். ஊர் என்றால் ஊர், அப்படி ஒரு ஊர்.

மே மாதம் இதைவிட மோசம். முதல் புதன்கிழமை, சரியாக நண்பகல் பன்னிரண்டு மணி, வெள்ளை வெளேர் என்று வெயில். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஊர்ச் சங்கு அலறியது. சுழல்காற்று வந்தால் சங்கு ஊதும், நிலவறைக்கு ஓடணும் என்று லைல் சொல்லியிருந்தான். துணிக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். நிலவறையில் ஒன்றரை மணி நேரம் உருளைக்கிழங்குக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். மார்லிஸ் ஊறுகாய்ப் புட்டி எடுக்க இறங்கி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மாதாமாதம் முதல் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சங்கு வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள். அதைக் கேட்டு ஊரே கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு சாப்பிடப் போகும்.

"லைல் சொல்லலயா?" என்றார்.

சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யார் யாருக்குச் சொல்வார்கள்?

வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அன்று சாயங்காலமே தீயணைப்புக் கொட்டகைக்குப் போனேன். சங்கின் பொத்தானை அழுத்துகிறவர் ஆர்லன். பகலில் டிராக்டர் பழுது பார்ப்பார், பெட்ரோல் வாசனையோடுதான் எங்கேயும் வருவார். அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டேன். எப்போது ஊதுவீர்கள், எவ்வளவு நேரம், யார் சொல்லி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், எங்கே ஒளியலாம். மனுஷன் அசந்துபோனார்.

"நாப்பது வருஷத்துல யாரும் இதெல்லாம் என்னைக் கேட்டதில்லம்மா."

"புதன்கிழமை மழை வந்தா?"

"மேற்க கருப்பா இருந்தா டெஸ்ட் கெடையாது. அடுத்த புதன்கிழமைக்குத் தள்ளிருவேன். மோசமான வானத்துல சும்மா ஊதினா நிஜம் எது, டெஸ்ட் எதுன்னு எவனுக்குத் தெரியும்?"

ஆர்லனும் விட்டுவைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க, "லைல் பொண்டாட்டி என் கழுத்துல உக்காந்து பரீட்சைக்குப் படிச்சிட்டுப் போனா" என்று ஊர் முழுக்கச் சொன்னார். சொல்லட்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சரி, ஆனால் அரண்டவன்தான் பேய் எந்த வழியாக வரும் என்று விசாரித்து வைத்திருப்பான்.

ஜூன் மாதம் எனக்கு ஒரு விடிவு வந்தது. ஊர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர ஆள் தேவைப்பட்டது. கடல் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற ஊர் அது. இடியை வேடிக்கை பார்க்கிற அந்த வீராதி வீரர்கள் இடுப்பளவு தண்ணீரில் கல்லாக நின்றார்கள். தண்ணீரில் இறங்கினால் நான் வேறு ஆள். இரண்டே வாரத்தில் பிள்ளைகள் தலையை முக்கி எழுந்தார்கள். தாய்மார்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவரை நான் 'லைல் கூட்டிட்டு வந்தவ'தான். அந்த ஊரில் நான் நானாக இருந்த ஒரே இடம் அந்தக் குளம். அதை யாராவது பிடுங்கினால் நான் பெட்டியைக் கட்டிவிடுவேன் என்று லைலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குளத்தின் பலகையில் ஒரு விதி எழுதியிருந்தது. இடி கேட்டால் எல்லோரும் வெளியேறணும், அரை மணி நேரம் இறங்கக் கூடாது. பலகை எழுதியவர்கள் அதை மறந்து எவ்வளவோ காலமாயிற்று. நான் மறக்கவில்லை. எங்கோ அடுத்த மாவட்டத்தில் முணுமுணுப்பு கேட்டாலும் விசில் அடித்துவிடுவேன். ஜூனில் மட்டும் பத்தொன்பது தரம். இரண்டு தரம் அது இடியே இல்லை, பாலத்தில் போன லாரி. ஒத்துக்கொள்கிறேன்.

புகார் கிளம்பியது. குளத்துக் கமிட்டிக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? என் மாமியார்தான். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கையை நீட்டினார்.

"விசிலைக் குடு, கொரின். இனிமே அது என் கழுத்துல இருக்கும். காலி பண்ணணும்னு தோணினா என்னைக் கேளு."

"நீங்க இல்லன்னா?"

"நான் இருப்பேன். தினமும் வந்து உக்காருவேன். இன்னும் ஒரே ஒரு தடவை காரணமில்லாம பிள்ளைங்களை வெளிய ஏத்தினா, வேலை வேற ஆளுக்குப் போயிரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இதே மார்லிஸ் அதற்கு முந்தின வருஷம் விருந்து தள்ளிப்போகக் கூடாது என்று ஆலங்கட்டி மழையில் சர்ச் சுற்றுலாவை நடத்தி, மூன்று கார்க் கண்ணாடி உடைந்தது. அதற்கு யாரும் கூட்டம் போடவில்லை. நான் விசிலைக் கழற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த புதன்கிழமை ஜூலை மாதத்து முதல் புதன்கிழமை. காலையிலேயே ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். வாரத்தில் மூன்று நாள் சொல்வதுதான், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினொன்றரை மணிக்கு ஆழம் குறைந்த பக்கத்தில் என்னிடம் இருபத்தேழு பிள்ளைகள். புல்லில் தாய்மார்கள் எட்டுப் பேர். மார்லிஸ் பச்சைக்கோடு போட்ட மடக்கு நாற்காலியில், குறுக்கெழுத்துப் புதிரும் பென்சிலுமாக, கழுத்தில் என் விசிலோடு.

காற்று நின்றுவிட்டது. வெக்கை சட்டையைப் போல உடம்பில் ஒட்டியது. தெருவுக்கு அந்தப் பக்கம் லூத்தரன் சர்ச்சில், காலமான பெரியவர் ஹெர்மனின் அடக்கம் முடிந்து கார்கள் நின்றன. உறவினர்கள் சாப்பாட்டுக்குச் சர்ச் நிலவறைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தானியக் கிடங்கின் தலைக்கு மேல், மேகம் சுவர் மாதிரி எழுந்து நின்றது. அடிப்பக்கம் பாசி பிடித்த தொட்டியின் பச்சை.

"மார்லிஸ், மேற்க பாருங்க."

தலையைத் தூக்காமலே சொன்னார், "பாத்தேன். வடக்க போகுது."

"எனக்கென்னமோ இங்க வர்ற மாதிரிதான் இருக்கு."

"உனக்கு லாரி வந்தாலும் அப்படித்தான் இருக்கும்."

தாய்மார்கள் சிரித்தார்கள். இடி கேட்கவில்லை, அதுதான் என் கையைக் கட்டிப்போட்டது.

பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது.

எட்டுத் தாய்மார்களும் ஒரே மாதிரி மணிக்கட்டைப் பார்த்தார்கள். ஒருத்தி கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்தாள். இன்னொருத்தி, "சாண்ட்விச்சை எடுங்கப்பா, மணியாச்சு" என்று கூடையைத் திறந்தாள். தெருவில் போன தபால்காரர் நடையைக் கூட மாற்றவில்லை. நான் மட்டும் மேற்கே பார்த்தேன். மேற்க கருப்பா இருந்தா டெஸ்ட் கெடையாது. பெட்ரோல் வாசனையோடு ஆர்லனின் குரல் காதுக்குள் கேட்டது.

தண்ணீரிலிருந்து எழுந்து ஓடினேன்.

"விசிலைக் குடுங்க. இது நிஜம்."

"புதன்கிழமை, கொரின். பன்னெண்டு மணி."

"வானம் இப்படி இருந்தா ஆர்லன் டெஸ்ட் பண்ண மாட்டாரு. அவரே சொன்னாரு."

"எனக்கு அறுபத்தோரு வயசு. பொறந்ததுலேருந்து இந்தச் சங்கைக் கேக்கறேன். அப்படி ஒரு விதியை நான் கேட்டதே இல்ல."

"நீங்க ஆர்லனைக் கேட்டதே இல்ல."

அவர் விசிலை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "ஊதினா வேலை போயிரும். எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. இரண்டு விரலை நாக்குக்கு அடியில் வைத்தேன். கடலில் அரை மைல் தள்ளி நிற்கும் அண்ணனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட நான் கற்றுக்கொண்ட சீழ்க்கை அது. அடித்தேன். அந்த ஊரில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை. சர்ச் வாசலில் இருந்த ஆட்கள் உட்பட எல்லோரும் திரும்பினார்கள்.

"எல்லாரும் வெளிய. கையைக் கோத்துக்கங்க. சர்ச்சுக்கு ஓடணும். துண்டு வேண்டாம், செருப்பு வேண்டாம்."

பிள்ளைகளுக்கு நான் சொன்னால் வேதம். சரம் சரமாக ஏறி வந்தார்கள். உடை மாற்றும் அறைக்கு ஓடப் பார்த்த இரண்டு பேரைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன். பிள்ளைகள் கிளம்பியதும் தாய்மார்கள் சாண்ட்விச்சும் கையுமாகத் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள். "சாவு வீட்டுச் சாப்பாட்டுல போய் நிக்கப் போறியா? ஈரத்தோடயா?" என்று ஒருத்தி கத்தினாள். ஆமாம், அங்கேதான் போனேன்.

மார்லிஸ் மட்டும் வரவில்லை. நடுத்தெருவில் நின்று திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் அசையாமல் இருந்தார். அவரை எழுப்ப எனக்கு ஒரே ஒரு வழி தெரியும்.

"அல்வினாகிட்ட போய், உங்க அனுமதியோடதான் கூட்டிட்டு வந்தேன்னு சொல்லப் போறேன்" என்று கத்தினேன்.

அல்வினா இறந்துபோன ஹெர்மனின் மனைவி. மார்லிஸுக்கும் அவருக்கும் ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டை வைத்து இனிப்பு சுடும் ஒரு போட்டியில் தொடங்கி இருபது வருஷமாக ஆகாது. மார்லிஸ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"குடும்ப மானத்தை வாங்காத. நில்லு."

நான் நிற்கவில்லை. அவர் கோபத்தோடு துரத்திக்கொண்டு வந்தார். அந்தக் கோபத்துக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்கிறேன். அவர் தெருவைத் தாண்டியபோது முதல் காற்று அடித்தது. தெருவிளக்குக் கம்பம் வளைந்தது. அவருடைய குறுக்கெழுத்துப் புத்தகம் பறவை மாதிரி மேலே போனது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்துச் சர்ச் கதவைச் சாத்தினேன்.

நிலவறையில் வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேஜைகள். ஹாம் என்கிற பன்றிக்கறி வைத்த பன், உருளைக்கிழங்கு சுட்டது, மூன்று நிறத்தில் ஜெல்லி. கருப்பு உடையில் அறுபது பேர். அவர்களுக்கு நடுவில் நீச்சலுடையில் சொட்டச் சொட்ட நிற்கும் என் பிள்ளைகள். பாதிரியார் கையில் தட்டோடு வாய் திறந்து நின்றார்.

"டெஸ்ட்தானே அது?" என்றார்.

விளக்கு அணைந்தது.

பிறகு வந்தது அந்தச் சத்தம். இடி இல்லை. இடி விழுந்தால் முடிந்துவிடும், இது முடியவில்லை. நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்தேன்.

"மேஜைக்கு அடியில போங்க. எல்லாரும். பெரியவங்களும்."

அந்த இருட்டில் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளைகள், பாதிரியார், சவப்பெட்டி சுமந்த ஆறு பேர், எண்பது வயது அல்வினா என்று எல்லோரும் முட்டி போட்டு உள்ளே போனார்கள். விரிப்பு எங்களை மூடியது. அடுத்த நிமிஷம் தரைமட்டத்தில் இருந்த ஜன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வெடித்தன. மேஜை மேல் கண்ணாடி மழை பெய்தது. ஜெல்லிக் கிண்ணங்கள் உருண்டன. எங்கள் தலைக்கு மேலே ஓர் அங்குலப் பலகை, அதற்குக் கீழே ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

கையால் தடவித் தடவிப் பிள்ளைகளை எண்ணினேன். இருபத்தெட்டு வந்தது. திரும்ப எண்ணினேன், இருபத்தெட்டுதான்.

"ஒண்ணு அதிகமா இருக்கு" என்றேன்.

இருட்டுக்குள்ளிருந்து அல்வினாவின் குரல் வந்தது. "அது என் பேத்தி. வச்சுக்க, எண்ணி முடிச்சிட்டுத் திருப்பிக் குடு."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மேஜைக்கு மேஜை சிரிப்பு பரவியது. என் இடது பக்கம் யாரோ நடுங்குவது தோளில் தெரிந்தது. கையைத் தேடிப் பிடித்தேன். மார்லிஸ்.

"இங்க என்ன தேடறீங்க?" என்று கேட்டேன்.

அவர் என் கையை விடவில்லை.

நாலு நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே ஏறி வந்தோம். குளத்தின் உடை மாற்றும் அறை இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. அதன் கூரை, ஓடு, கட்டை, இரும்பு எல்லாமாக, குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் முழுசாக விழுந்து கிடந்தது. பத்து நிமிஷம் முன்னால் என் இருபத்தேழு பேரும் கரையைப் பிடித்துக் காலை உதைத்துக்கொண்டிருந்த அதே இடம். தாய்மார்கள் அதைப் பார்த்தார்கள். சாண்ட்விச் கூடைக்காரி தன் பெண்ணைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆர்லன் லாரியை ஒடிந்த கிளைகள் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. குளத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார், தலைகளை எண்ணினார்.

"எங்க டெஸ்ட்டுன்னு நெனச்சு உக்காந்திருப்பீங்களோன்னு உயிரே போயிருச்சு. கருத்த வானத்துல டெஸ்ட் கெடையாதுன்னு ஊருக்கே தெரியும்னுல்ல நெனச்சேன்."

"ஊர்ல ஒருத்திக்குத்தான் தெரிஞ்சுது" என்றார் மார்லிஸ்.

கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். கயிறு அவர் தலைமுடியில் சிக்கிக்கொண்டது, பிய்த்து எடுத்தார். அத்தனை பேர் பார்க்க என் ஈரத் தலையில் மாட்டினார்.

"யாரையும் கேக்காத. லாரிக்கு ஊதினாலும் ஊது" என்றார். அப்புறம் அல்வினா பக்கம் திரும்பி, "உன் சாப்பாட்டைக் கெடுத்துட்டோம்" என்றார். இருபது வருஷத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

"ஹெர்மனுக்குக் கூட்டம் பிடிக்கும். அந்த ஹாம்ல கண்ணாடி விழாததா பாத்துப் பிள்ளைங்களுக்குக் குடு" என்றார் அல்வினா.

அன்றிலிருந்து கெஸ்லரில் ஒரு பழக்கம். முதல் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதினால், கடையில், வங்கியில், சர்ச்சில், நான் எங்கே இருந்தாலும் சுற்றியிருப்பவர்கள் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறார்கள். நான் தலையை ஆட்டினால்தான் சாப்பிடப் போவார்கள்.

ஆனால் எனக்குப் பெரிசு அதுவல்ல. அந்தப் புயலுக்குப் பத்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம் மேற்கே மறுபடி இருட்டியது. என் கால் தன்பாட்டில் சமையலறை மேஜையைத் தேடிப் போனது. மேஜையைக் காணோம். வாசலுக்கு ஓடினேன். முன்வராந்தாவில், நாற்காலி வரிசைக்கு நடுவில், மார்லிஸும் லைலும் சேர்ந்து மேஜையைக் கொண்டு வந்து போட்டிருந்தார்கள். அதன் அடியில் ஒரு மெத்தை, பக்கத்தில் என் தட்டு.

"அடியில போய் உக்காரு. நல்லதெல்லாம் முதல் பத்து நிமிஷத்துல போயிரும்" என்றார் மார்லிஸ்.

போய் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் கையாட்டினார்கள், நானும் கீழேயிருந்து கையாட்டினேன். இடி விழும்போதெல்லாம் கண்ணை மூடினேன், உடனே திறந்தேன். மின்னல் சோளக்காடு முழுவதையும் வெளிச்சமாக்கியது. முதல் பத்து நிமிஷம் மட்டுமல்ல, கடைசித் துளி வரை இருந்து முழு மழையையும் பார்த்தேன்.